சோலைச்சாமியின் ஒன்பதாவது கேசட்

1992 தை மாதம் பாடகர் சோலைச்சாமியின் ஒன்பதாவது கேசட் அருப்புக்கோட்டையில் ஓட ஆரம்பித்த நாலாவது நிமிடம், அதன் சத்தம் எட்டிய தூரத்தில் அடுப்பிலிருந்த பால் அத்தனையும் திரிந்துபோனது. அன்றைக்குப் பருத்தி விலை சுமார், திருச்சுழி பஸ் அரை மணி நேரம் தாமதம். முதலில் திரிந்தது ஹாஜா நஜ்முதீனின் ரெக்கார்டிங் கடை வாசலில் மூன்று செங்கல் கூட்டி வைத்திருந்த பால். புது வீட்டுக்குப் பால் காய்ச்சுவதைப்போல, சோலைச்சாமியின் ஒவ்வொரு புது கேசட்டுக்கும் ரசிகர்கள் அங்கே பால் காய்ச்சுவது பழக்கம். எட்டு கேசட்டுக்கும் பால் பொங்கி வழிந்திருக்கிறது. இந்த முறை கட்டி கட்டியாகப் பிரிந்து, மஞ்சள் தண்ணீர் மேலே நின்று, ஒரு வாடை அடித்தது பாருங்கள், முன்வரிசையில் நின்றவர்கள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எதிர்த்தாற்போல் டீக்கடை வைத்திருந்த வீரணன், தன் கடைப் பாலும் போனதைப் பார்த்துப் பால்காரரை அடிக்கவே போய்விட்டார். பால்காரர் நிதானமான மனிதர், அந்தப் பாட்டை நிறுத்திவிட்டு அடுத்த பாலை வைக்கச் சொன்னார். நிறுத்தினார்கள், பால் ஒழுங்காகக் காய்ந்தது. மறுபடி போட்டார்கள், மறுபடி திரிந்தது. அதற்குமேல் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

சோலைச்சாமி பரளச்சிக்காரர். விசைத்தறியில் கூலிக்கு ஓட்டிக்கொண்டு, தானே பாட்டுக் கட்டித் தானே பாடியவர். 1981-இல் அவர் மனைவி சுப்பம்மாள் மஞ்சள் காமாலையில் இறந்தபோது அவர் ஓர் ஒப்பாரி கட்டினார். அடுத்த வருடம் அது கேசட்டாக வந்ததிலிருந்து இந்த வறண்ட சீமையில் யாரும் சொந்தமாக அழுததில்லை. எழவு வீட்டில் பந்தல் போட்ட கையோடு அந்தக் கேசட்டைப் போடுவார்கள், மாமியாரை எட்டிப்பார்க்காத மருமகளுக்கும் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டும். ஹாஜாவின் சங்கதி வேறு. அவருக்குச் சின்ன வயதிலிருந்தே அழுகை வராது. தகப்பனார் மவுத்தானபோது ஊரே பார்க்க உலர்ந்த கண்ணோடு நின்றவர், கல்நெஞ்சன் என்று பெயர் வாங்கியவர். அந்தப் பாட்டைக் கேட்ட அன்றுதான் முதன்முதலாக அழுதார், கடை ஷட்டரை இறக்கிவிட்டு, தகப்பனாருக்காக, ஒன்பது வருடம் பிந்தி. அதற்கப்புறம் சோலைச்சாமிக்கு அவர் அடிமை. மேடைகளில் அந்த ஒப்பாரியை மூன்று தடவையாவது பாடச்சொல்லிக் கேட்பார்கள். சோலைச்சாமியும் ஒவ்வொரு தடவையும் அழ வேண்டும், அழாவிட்டால் கூட்டம் திருப்திப்படாது.

1986-இல் அந்த மனிதர் மறுமணம் செய்யப் பார்த்தார். பெண் சௌந்தரம், பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறவர், அவரும் கட்டினவனைப் பறிகொடுத்தவர். செய்தி தெரிந்ததும் ஹாஜா தலைமையில் பதினோரு ரசிகர்கள் பஸ் ஏறிப்போய்ச் சத்துணவுக் கூடத்து வாசலில் நின்றார்கள். "இந்தா பாருங்கம்மா, அவுக எங்க சொத்து. ஒங்களக் கட்டிக்கிட்டு அவுக சிரிச்சுட்டா, நாங்க எத வச்சு அழுகுறது?" என்று ஹாஜா கேட்டார். கேட்டதில் அவருக்குக் கூச்சமே இல்லை. சௌந்தரம் கையிலிருந்த கரண்டியை அண்டாவில் போட்டுவிட்டு உள்ளே போனார். கல்யாணம் நின்றது. பிள்ளைகளுக்கு அன்று சோறு அடிப்பிடித்துப்போனது.

ஐந்து வருடம் கழித்து, யாரிடமும் சொல்லாமல், திருச்சுழிக் கோயிலில் வைத்து இருவரும் மாலை மாற்றிக்கொண்டார்கள். ஒன்பதாவது கேசட் அந்தக் கூத்துதான். பத்துப் பாட்டு, பத்திலும் சௌந்தரம். அவர் நரைமுடி பிடுங்குவது ஒரு பாட்டு, தும்முவது ஒரு பாட்டு, 'இன்னொரு கரண்டி ஊத்து சௌந்தரம்' என்று கருவாட்டுக் குழம்புக்கு முழுசாக ஆறு நிமிடம். பின்னால் கீபோர்டு வேறு டிக்கிடிக்கி என்று. சீ, எழுதவே கை கூசுகிறது. "அம்பத்தஞ்சு வயசுல கருவாட்டுக் கொழம்பப் பாடுறாக. கேட்டுட்டு வாயக் கொப்புளிச்சேன்" என்றார் வீரணன். அட்டைப்படத்தில் தம்பதி பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்ததால், பெண்கள் அதை இடுக்கியால் பிடித்து வெளியே போட்டார்கள். தறிக்கூடங்களில் நாடாவை உருவிச் சீமைக்கருவேல மரங்களில் வீசினார்கள். கண்டதையும் தின்கிற ஆடுகள்கூட அதை மோந்துபார்த்துவிட்டு நகர்ந்தன. சோலைச்சாமிக்குப் போன கடிதங்களில் பாதியைத் தபால்காரரே படிக்கக் கூசினார், ஆனாலும் படித்தார்.

மாசியில் ஹாஜாவும் வீரணனும் பரளச்சிக்குப் போனார்கள். ஹாஜாவின் உம்மா ஆசியா அப்போது படுக்கையில் விழுந்திருந்தார், ஹாஜாவுக்கு அவசரம். வீட்டில் கருவாட்டுப் பாட்டுதான் ஓடிக்கொண்டிருந்தது. சௌந்தரம் அவர்கள் கண்முன்னாலேயே பால் காய்ச்சி டீ போட்டார், அந்த வீட்டில் மட்டும் பால் திரியவில்லை. "இங்க மூணு வேளையும் இதான் ஓடுது" என்று சொல்லி டம்ளரை வைத்தார். சோலைச்சாமிக்குத் தொப்பை விழுந்திருந்தது, தலையில் எண்ணெய் மினுங்கியது. வீரணன் அதைப் பார்க்கச் சகிக்காமல் டம்ளரைத் தொடாமலேயே எழுந்து வெளியே போனார்.

"அண்ணே, இந்தக் கேசட்ட வாபஸ் வாங்கிருங்க. பழைய பாட்ட ஒருக்கப் பாடுங்க. உம்மா இன்னைக்கோ நாளைக்கோன்னு கெடக்கு. அவுக மவுத்தன்னைக்கு நான் அழுகணும்" என்றார் ஹாஜா.

"பதினோரு வருசம் ஒங்களுக்காக அழுதுட்டேன் பாய். எனக்குச் சலிச்சுப்போச்சு" என்றார் சோலைச்சாமி. ஆனாலும் டேப்பை நிறுத்திவிட்டு, பெரிய மனது பண்ணிப் பாடினார். ஒரு சொல் பிசகவில்லை, குரலும் நன்றாகத்தான் இருந்தது. ஒரு கண்ணும் நனையவில்லை. சௌந்தரம் நிலைக்கதவில் சாய்ந்து, காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து பழைய கேசட்டும் செத்துப்போனது. எழவு வீடுகளில் அதைப் போட்டால், போன கரண்டு எப்போது வரும் என்று பார்க்கிற மாதிரி ஜனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கூலிக்கு அழுகிறவர்களை மானாமதுரைப் பக்கமிருந்து வேனில் கூட்டிவந்தார்கள். இப்படி ஒரு பிழைப்பு நம் ஜனங்களுக்கு.

ஆசியா உம்மா பிடிவாதக்காரர், மேலும் இரண்டு வருடம் இருந்துவிட்டு 1994 வைகாசியில் மவுத்தானார். மையவாடியில் ஹாஜா மூன்று பிடி மண் போட்டார். கண் காய்ந்த கண்மாயாகக் கிடந்தது. சொந்தக்காரர்கள் பழைய பெயரை மறுபடி எடுத்தார்கள். கடையில் உட்கார்ந்து பழைய கேசட்டைத் திருப்பித் திருப்பி ஓட்டிப் பார்த்தார், நாடா தேய்ந்து அறுந்ததுதான் மிச்சம். இதற்குள் ஒன்பதாவது கேசட்டுக்கும் ஊர் பழகிவிட்டிருந்தது. எங்காவது அந்தப் பாட்டுக் கேட்டால் டீக்கடைக்காரர்கள் பாலை இறக்கிவைத்துவிட்டுக் கடுங்காப்பி போட்டார்கள். குறை சொல்லவும் ஆளில்லை. அருவருப்பு மட்டும் குறையவே இல்லை.

நாற்பதாவது நாள் ஃபாத்திஹா முடிந்த மறுநாள், பகல் பன்னிரண்டு மணி பஸ்ஸில் ஹாஜா தனியாகப் பரளச்சி வந்து இறங்கினார். எதற்கு வந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. ஒருவேளை திட்டிவிட்டுப் போக வந்திருக்கலாம். சோலைச்சாமி கட்டிலில் படுத்தபடி தன் பாட்டையே கேட்டுக்கொண்டிருந்தார், வெட்கமில்லாமல். சௌந்தரம் எதுவும் விசாரிக்கவில்லை. தட்டை வைத்துச் சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"உம்மாவுக்கு என்ன பாய் பிடிக்கும் சாப்புட?"

நாற்பது நாளில் எத்தனையோ பேர் வந்து போனார்கள். எத்தனை வயது, என்ன நோய், எந்த ஆஸ்பத்திரி என்றெல்லாம் கேட்டார்கள். இதை யாரும் கேட்கவில்லை. ஹாஜா யோசித்தார்.

"பழைய சோறுதான் மதினி. மோர் ஊத்தி, வத்தல் மொளகாயக் கடிச்சுக்கிட்டு... பாதிதான் சாப்புடுவாக. வவுறு நெறஞ்சிருச்சுடான்னு எந்திரிச்சிருவாக. மிச்சம் எனக்கு. நான் அத நம்பிட்டேன் மதினி, கல்யாணம் ஆகுற வரைக்கும் நம்பிட்டேன். அவுகளுக்குப் பசிச்சிருக்கும்..."

நாற்பத்தெட்டு வயது மனிதர், பிசைந்த சோறு கையில் இருக்க, வாய் கோணி, மூக்கு ஒழுகி, பார்க்கச் சகிக்காத விதமாக அழுதார். அதில் ராகம் இல்லை, தாளம் இல்லை, ஊரார் தலையாட்டுகிற எதுவும் இல்லை. 1986-இல் தன் வாசலில் வந்து நின்ற அந்த முகத்தைச் சௌந்தரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தண்ணீர்ச் செம்பைப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார். சோலைச்சாமிக்குத்தான் கையும் காலும் ஓடவில்லை. இத்தனை வருடம் தன்னை அழவைத்துப் பார்த்தவர்களில் ஒருவர் இப்படி அழுவதை அவர் பார்த்ததேயில்லை. எழுந்துபோய் டேப்பை நிறுத்தக் கை வைத்தார்.

"ஓடட்டும்ணே. பாட்டு இன்னும் கேவலமாத்தான் இருக்கு. பரவால்ல, ஓடட்டும்" என்றார் ஹாஜா, அழுகைக்கு நடுவே.

பக்கத்து வீட்டு அழகுத்தாய் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தார். "ஏ சௌந்தரம், பாட்டு எப்ப முடியும்? நான் பால் வைக்கணும்."

சௌந்தரம் ஹாஜாவை ஒரு தரம் பார்த்தார்.

"கொஞ்சம் நேரமாகும்க்கா" என்றார்.

அழகுத்தாய் சரியென்று பாலை மூடிவைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போனார்.