பல் சான்றிதழ்

கரண்டியின் காம்பால் பல்லில் மூன்றாவது முறை தட்டியபோது அவள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. கால் கட்டைவிரல் மட்டும் செருப்புக்குள் மடங்கியது.

"கால் ஆடுது," என்றான் அவன்.

"பல் டாக்டர் காலையா பாக்கப் போறார்?"

"பாத்தாலும் பாப்பார். எங்க, இன்னொரு தரம்."

"இன்னொரு தரம் இன்னொரு தரம்னு பல்லைப் பேத்துக் கையில குடுத்துடாதீங்க."

இருவரும் சிரித்தார்கள். சிரித்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது. சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். அவன் கரண்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, அவள் நிமிரும்வரை காத்திருந்தான்.

அவனுக்கு ரயில் பெட்டிகளைச் சோதிக்கும் வேலை. நீளக் காம்பு வைத்த சுத்தியலோடு தண்டவாளத்தின் ஓரமாக நடப்பான். ஒவ்வொரு சக்கரத்தையும் ஒரு தட்டுத் தட்டுவான். நல்ல சக்கரம் கணீரென்று பேசும். விரிசல் விழுந்தது தொண்டை கட்டியதுபோல் முனகும். பதினோரு வருடமாக இதே வேலை. பணிமனையில் அவனுக்குப் பெயரே காதுக்காரன்தான். ஒருமுறை ஒரே ஒரு சக்கரத்துக்காக வண்டியை நான்கு மணி நேரம் நிறுத்தி வைத்தான். அதிகாரிகள் குதியாய்க் குதித்தார்கள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சந்தேகம் இருக்கிற சக்கரத்துக்குச் சரி என்று அவன் ஒருநாளும் சாக்பீஸால் எழுதியதில்லை.

அவள் நூலகத்தில் வேலை பார்த்தாள். சின்ன வயதில் வந்த காய்ச்சல் ஒன்று இதயத்தின் வால்வைச் சுருக்கிவிட்டுப் போயிருந்தது. கல்யாணமான இரண்டாம் வருடம் அது வேலையைக் காட்டத் தொடங்கியது. முதலில் ஏணியில் ஏறுவதை விட்டாள். பிறகு நடு அடுக்குக்குக் கை தூக்குவதை விட்டாள். கடைசியில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து புத்தகங்களுக்குச் சீட்டு ஒட்டும் வேலை மட்டும் மிஞ்சியது. மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தபடிதான் தூங்கினாள். வால்வை மாற்றியே ஆகவேண்டும், இனித் தள்ளிப்போடக் கூடாது என்றார் டாக்டர்.

தேதிதான் தள்ளித் தள்ளிப் போனது. முதல் தேதி வந்தபோது அவளுக்குச் சளி. இரண்டாவது தேதியில் அறுவை அரங்கில் ஏதோ பழுது. மூன்றாவது தேதி, வருகிற செவ்வாய். "இதையும் விட்டீங்கன்னா வரிசையில கடைசிக்குப் போயிடுவீங்க. அப்புறம் எங்கிட்ட வந்து கெஞ்சக் கூடாது," என்று பதிவு மேசைப் பெண் முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து, கீழ்வரிசையில் வலப்பக்கக் கடைவாய்ப்பல் வலிக்க ஆரம்பித்தது.

ஆஸ்பத்திரி கொடுத்த சிறு புத்தகத்தில் அது தெளிவாகவே எழுதியிருந்தது. பல்லில் சீழ் இருந்தால் அந்தக் கிருமி ரத்தத்தில் ஏறி, புது வால்வில் போய் உட்கார்ந்துவிடலாம். ஆகவே பல் மருத்துவரின் சான்றிதழ் கட்டாயம். நான்கே வரி. அவன்தான் அவளுக்கு உரக்கப் படித்துக் காட்டினான்.

"சொல்லிடலாமா?" என்று அவள் கேட்டாள்.

"சொன்னா பல்லைப் பிடுங்குவாங்க. புண் ஆறணும்பாங்க. தேதி போயிடும். மறுபடி மூணு மாசமோ நாலு மாசமோ. உன்னால முடியுமா?"

அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"முதல்ல ஆபரேஷன் முடியட்டும். பல்லு எங்க ஓடிப் போகுது? அப்புறம் பாத்துக்கலாம்."

அப்படித்தான் கரண்டிக் காம்பு வந்தது.

பல் மருத்துவர் இளவயதுக்காரர். வெளியே பெஞ்சு நிறைய ஆள். கோப்பில் இருந்த எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இது பழசு மாதிரி இருக்கே?"

"போன தேதிக்கு எடுத்தது சார்," என்றான் அவன். அதற்கு முந்தைய தேதிக்கு எடுத்தது அது.

"இன்னைக்கு எடுக்கணும்னா சாயங்காலம் ஆயிடும். வலி எதுவும் இல்லையேம்மா?"

"இல்லைங்க."

மருத்துவர் சிறு கண்ணாடியின் கைப்பிடியால் ஒவ்வொரு பல்லாகத் தட்டிக்கொண்டே வந்தார். அவர் பார்த்தது அவள் முகத்தை. அவன் கேட்டது சத்தத்தை. டிக், டிக், டிக் என்று வந்தது வலது கோடியில் மந்தமானது. ஈரத் துணிமேல் தட்டியதுபோல ஒரு சத்தம். அந்த அறையில் அது அவன் ஒருவனுக்குத்தான் கேட்டது. அவள் முகம் அசையவில்லை. செருப்பும் அசையவில்லை.

மருத்துவர் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார்.

தாழ்வாரத்துக்கு வந்ததும் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது. "பாஸா?" என்றாள்.

"முதல் வகுப்பு," என்றான்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். மதியம் அவளுடைய அக்கா ஒரு பெரிய பையோடு வந்து இறங்கினாள். அம்மாவுக்கு முழங்கால் வலி, அதனால் வீட்டிலேயே இருந்துவிட்டாள். மணிக்கொரு தரம் போன் செய்தாள். அக்கா இருபது வருடமாகத் தையல் ஆலையில் இருப்பவள். மெஷின் சத்தத்துக்குமேல் பேசிப் பேசி, தொண்டையைத் தாழ்த்தத் தெரியாமல் போனவள்.

"என்னடி இது, ஆளைப் பாதியாக்கி வச்சிருக்கான்? தம்பி, நீ சாப்பாடு போடுறியா இல்ல காத்தைக் காட்டுறியா?"

"அம்மா, இது வார்டு," என்றாள் நர்ஸ்.

"எனக்கும் தெரியுது. சந்தைன்னா இன்னும் சத்தமா பேசுவேனே."

சிவப்பு மருந்துச் சோப்பு கொடுத்து இரண்டு தடவை குளிக்கச் சொன்னார்கள். நகப்பூச்சைத் துடைத்தார்கள். கல்யாண மோதிரம் வீங்கிய விரலைவிட்டு வர மறுத்தது. அக்கா சோப்பு நுரை தடவித் திருகிக் கழற்றினாள். மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்து போட்ட ஒரு பிளாஸ்டிக் குழாய் தந்தார்கள். அவள் இழுத்தால் ஒரு பந்து பாதிதான் எழும்பியது. அக்கா வாங்கி ஒரே இழுப்பில் மூன்றையும் உச்சியில் நிறுத்தினாள். "பாத்தியா!" என்று சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"நல்லா இருக்கு. நாளைக்கு நீங்களே படுத்துக்கறீங்களா?" என்றாள் நர்ஸ், வேறு குழாய் எடுத்துவரப் போனபடி.

மாலையில் மயக்க மருந்து டாக்டர் வந்தார். வயதானவர், நிதானமானவர். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். ஆஸ்துமா உண்டா? ஒவ்வாமை உண்டா?

"ஆடுற பல்லு, கட்டின பல்லு, வலிக்கிற பல்லு ஏதாவது?"

அவள் அவனைப் பார்த்தாள். ஒரு வினாடிகூட இருக்காது. வேண்டுமா, வேண்டாமா என்று கேட்கிற பார்வை. அவன் அந்தக் குழாயில் கிடந்த மூன்று பந்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்ல டாக்டர்," என்றாள்.

டாக்டர் நீட்டிய சம்மதப் படிவத்தில் அவன் கையெழுத்துப் போட்டான்.

அறுவை ஐந்து மணி நேரம் நடந்தது. "வால்வு நல்லா உக்காந்திருக்கு," என்றார் வெளியே வந்த டாக்டர். அக்கா அங்கேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மூன்றாம் நாள் வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். இருமும்போது மார்பு பிளந்துவிடாமல் அணைத்துக்கொள்ள ஒரு சின்னத் தலையணை. நான்காம் நாள் அதை அணைத்தபடியே தாழ்வாரத்தின் கோடிவரை போய், நிற்காமல் திரும்பி வந்தாள்.

"மூச்சு வாங்கல, கவனிச்சீங்களா?"

"கவனிச்சேன்."

"மேல் அடுக்குல இருக்கற புஸ்தகத்தையெல்லாம் இனி நானே எடுப்பேன். தூசி தட்டி நாலு வருஷமாச்சு."

அக்கா அந்தப் பக்கம் போனதும் அவன் குரலைத் தாழ்த்திக் கேட்டான். "பல்லு?"

"வலி மருந்துல அதுவும் தூங்குது. எழுப்பி விட்டுடாதீங்க."

அந்த இரண்டு நாளும் அவர்கள் வாழ்க்கையில் நல்ல நாட்கள். அதில் பொய்யில்லை.

ஆறாம் நாள் காய்ச்சல் கண்டது. அறுவைக்குப்பின் வரக்கூடியதுதான் என்றார்கள். மருந்து ஏற்றினார்கள். ஏழாம் நாள் கூடியது. மூன்று இடத்தில் ரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். வார்டு டாக்டர், ஒரு பெண், தையல் போட்ட இடத்தைப் பார்த்தார். சிறுநீர்க் குழாய் போட்ட இடத்தைப் பார்த்தார். கிருமி எங்கிருந்து வந்தது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார்.

"முன்னாடியே உடம்புல எங்கயாவது கட்டி, புண்ணு, பல் தொந்தரவு?"

"இல்ல," என்றாள் அவள்.

அவன் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தான். அவள் கை போர்வைக்கடியில் அவன் விரலைப் பிடித்து அழுத்தியது. சொல்ல வந்ததை மென்று விழுங்கினான்.

டாக்டர் போனதும் அவளே சொன்னாள். "இப்பச் சொன்னா உங்களைத்தான் காய்ச்சி எடுப்பாங்க. மருந்துதான் ஏறுதே. சரியாயிடும்."

"ம்," என்றான். உண்மையில் அவனுக்கு வெட்கமாக இருந்தது. அந்த முத்திரை குத்திய தாளும் கையெழுத்தும் கண்முன் நின்றன. ரத்தச் சோதனையில் அதுவே தெரிந்துவிடும், நாம் வேறு எதற்கு என்று நினைத்துக்கொண்டான். ஒரு நாள் முழுக்க அப்படியே நினைத்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் மதியம் தண்ணீர்க் குவளையை நீட்டினான். அவள் வாங்கினாள், குவளை விரலில் நிற்காமல் விழுந்தது. "ஏங்க" என்று சொல்ல வாயெடுத்தாள். வேறு ஏதோ சத்தம் வந்தது. அவள் முகத்தில் ஆச்சரியம்தான் இருந்தது.

அவன் டாக்டர் அறைக்கு ஓடினான். கதவைத் தட்டவில்லை.

"அவளுக்குப் பல் வலி இருந்துச்சு. ஆபரேஷனுக்கு முன்னாடியே."

டாக்டர் பேனாவை எடுத்தார். "எந்தப் பக்கம்?"

"வலது. கீழ. கடைசி."

"ஏன் மறைச்சாங்க?"

"தேதி போயிடும்னு பயந்தா."

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். அவன் சொன்ன எதுவும் பொய் இல்லை. தன் பங்கை மட்டும் சொல்லவில்லை.

"நேத்தே சொல்லியிருந்தா?" என்று கேட்டான்.

"மருந்தை நேத்தே மாத்தியிருப்போம். என்னால அவ்வளவுதான் சொல்ல முடியும்," என்றார். திட்டவில்லை. திட்டுவார் என்று எதிர்பார்த்துத்தானே ஒரு நாளைக் கடத்தினான்.

புது வால்வில் கிருமி படிந்திருந்தது. அதிலிருந்து ஒரு துணுக்கு உடைந்து மூளைக்குப் போய் ரத்தக் குழாயை அடைத்துவிட்டது என்றார்கள். அந்தப் பல்லைக் கட்டிலில் வைத்தே பிடுங்கினார்கள். இன்னொரு அறுவையைத் தாங்கும் நிலையில் உடம்பு இல்லை. நான்கு நாள் கழித்து, காலை பத்து மணிக்கு, வார்டில் போர்வை மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் போய்விட்டாள்.

உடலைத் தருவதற்கான தாள்களுக்காகக் காத்திருந்தார்கள். அக்கா கட்டிலருகே அலமாரியைக் காலி செய்தாள். சீப்பு, செருப்பு, பாதி படித்து மடக்கிய புத்தகம். அழுது ஓய்ந்த முகம். கை மட்டும் வேலை செய்தது.

"நர்ஸ் சொன்னா," என்றாள். "பல் வலியை மறைச்சிட்டாளாமே. கோப்புலயே எழுதியிருக்காம்."

அவன் அந்தப் புத்தகத்தை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"அழுத்தக்காரி. சின்னப் பிள்ளையிலயே அப்படித்தான். கால்ல ஆணி குத்தினாக்கூட மூச்சு விடமாட்டா. உங்கிட்டக்கூடச் சொல்லல பாரு. படிச்ச பொண்ணு, இப்படிப் புத்தி கெட்டுப் போய்..." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உன்மேல ஒரு குத்தமும் இல்ல தம்பி. நீ தாங்கித்தான் பாத்துக்கிட்ட. அம்மாகிட்டயும் அதான் சொன்னேன். அம்மா அதைக் கேட்டு, செத்தவளைத் திட்டித் திட்டி அழறா."

சும்மா இருந்துவிடலாம். அது அவனுக்குத் தெரிந்தது. இனிக் கேட்க யாரும் இல்லை. கோப்பும் அவன் பக்கம்தான்.

"அக்கா," என்றான். "அவ எங்கிட்டச் சொன்னா."

அக்கா நிமிர்ந்தாள்.

"டாக்டர்கிட்டச் சொல்லிடலாமான்னு கேட்டா. நான்தான் வேண்டாம்னேன். எப்படி வலியைக் காட்டாம இருக்கணும்னு வீட்டுல வச்சுப் பழக்கிக் கொடுத்ததும் நான்தான். காய்ச்சல் வந்தப்பவும் பக்கத்துலயே நின்னேன். வாயைத் திறக்கல."

அக்கா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். செருப்பு ஜோடி அவள் மடியில் இருந்தது. பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள்.

"ரொம்ப வலிச்சுதா அவளுக்கு?"

"ரொம்ப."

அவள் செருப்பின் வாரை விரலால் தடவினாள். பிறகு செருப்பைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். அவன் பையை வாங்கக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

"இதை அம்மாகிட்ட நீயே சொல்லு," என்றாள். "இன்னைக்கே சொல்லு. அவளைத் திட்டறதை முதல்ல நிறுத்தட்டும்."

"சரிக்கா."

அவள் முன்னால் நடந்தாள். அவன் இரண்டடி பின்னால் போனான்.