முதுகுக்கு முதுகு

அப்துல் ஹக் அந்த சைக்கிளைத் தெருவில் இறக்கிய அன்று முதுநகரே வேலை வெட்டியை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. பார்க்காமல் என்ன செய்யும்? வண்டிக்கு இரண்டு சீட்டு, இரண்டு ஹேண்டில்பார். அதுகூடப் பரவாயில்லை. ஒரு சீட்டு முன்பக்கம் பார்த்தது, இன்னொன்று பின்பக்கம் பார்த்தது. மிதிக்கிற இரண்டு பேரும் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு ஆளுக்கொரு திசையைப் பார்த்தபடி போக வேண்டும்.

"புருசன் பொண்டாட்டி சண்ட போட்டுக்கினே போறதுக்குன்னு செஞ்ச வண்டி," என்றார் பழைய இரும்புக்கடை சுப்பராயலு. தெரு சிரித்தது. ஹக்கும் சிரித்து வைத்தான்.

சண்டை போட்டிருந்தால்கூட அவன் சந்தோஷப்பட்டிருப்பான். நிக்காஹ் முடிந்த மூன்றாம் மாதம் சவூதிக்கு வெல்டர் வேலைக்குப் போனவன், ஒன்பது வருஷம் கழித்து 2010-இல்தான் ஒரேயடியாகத் திரும்பி வந்தான். இடையில் கிடைத்த இரண்டு லீவும் கல்யாண வீடு, மவுத்து வீடு என்று சொந்தக்காரர்களுக்கே போய்விட்டன. வந்தவனுக்கு மெகருன்னிசா ஒரு குறையும் வைக்கவில்லை. நேரத்துக்குச் சோறு, மடித்த சட்டை, கேட்ட கேள்விக்குப் பதில். ஆனால் முன்பெல்லாம் வாய்க்கு வாய் மச்சான் என்றவள், இப்போது எப்படியும் கூப்பிடுவதில்லை. அவன் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. பைக்கில் ஏற்றினால் நடுவில் கூடையை வைத்துக்கொண்டாள். இரண்டு வருஷமாக விருந்தாளியைப் போலத் தன் வீட்டில் இருந்தான் ஹக். அவளை எப்படியாவது தன் பக்கம் திருப்பிவிட வேண்டும், அது ஒன்றுதான் அவனுக்கு வேண்டியிருந்தது.

சவூதியில் ஒரு பூங்காவில் இந்த மாதிரி வண்டியைப் பார்த்திருக்கிறான். முதுகு ஒட்டாமல் அதை ஓட்டவே முடியாது. கூடைக்கு இடமில்லை. அதனால்தான் அது அவன் மனதில் நின்றது.

தானே புயல் வந்துபோன சமயம். நசுங்கின சைக்கிளுக்குப் பஞ்சமில்லை. ஒரு பிரேமைச் சுப்பராயலுவின் குவியலில் பொறுக்கினான். இன்னொன்று லேடீஸ் சைக்கிள். சிதம்பரம் மேலவீதியில் கூரை விழுந்த ஒரு வாடகை சைக்கிள் கடையில் கிடைத்தது. இரண்டையும் அறுத்து, சீட்டுப் பக்கமாக முதுகோடு முதுகாக வைத்துப் பற்றவைத்தான். பின்பக்க ஹேண்டில்பார் திரும்பாது, சும்மா பிடித்துக்கொள்ளத்தான். இரண்டு பெடல்களையும் ஒரே செயினால் இணைத்து, நடுவில் எட்டு போட்டதுபோலக் குறுக்கே முறுக்கிவிட்டான். இல்லாவிட்டால் பின்னால் உட்கார்ந்தவள் தலைகீழாக மிதிக்க வேண்டியிருக்கும். இந்த ஏற்பாட்டில் ஒருவர் மிதித்தால் மற்றவர் காலும் சுற்றும். ஒருவர் நிறுத்தினால் மற்றவருக்கும் அது தெரியும்.

விடிகாலை சுபுஹு தொழுகை முடிந்ததும், அவன் முன்னும் அவள் பின்னுமாகக் கிளம்புவார்கள். சிப்காட் தொழிற்சாலை நாற்றத்தைத் தாண்டி, கடற்கரைப் பக்கம் பிரிகிற சாலை. இரண்டு பக்கமும் புயல் முறித்துப்போட்ட சவுக்கு. அந்த நேரத்துக்கு ஈ காக்கை இருக்காது. அவள் முதுகின் சூடு ஹக்கின் சட்டையைத் தாண்டி வந்தது. முதல் வாரம் முழுக்க அவன் பேசவே இல்லை, அந்தச் சூடே போதும் என்றிருந்தான்.

இரண்டாவது வாரம் அவள்தான் பேசினாள். "பின்னாடி யாரோ வர்றாரு."

"வரட்டுமே, ரோடு என்னா நம்ம வாங்கினதா?"

"நடந்துதான் வர்றாரு. நாம சைக்கிள்ல போறோம். ஆனா தூரம் ஜாஸ்தி ஆவவே இல்ல."

ஹக் பிரேக் போட்டுத் திரும்பிப் பார்த்தான். சாலை காலியாகக் கிடந்தது. வெயில்கூட இன்னும் வரவில்லை.

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாள் இன்னும் கிட்டே வந்தார். "ஆகாச நீலச் சட்ட. வெள்ளக் கோடு போட்டது," என்றாள். ஹக்கின் கால் பெடலில் நின்றுவிட்டது. விமானம் ஏறின அன்று அவன் போட்டிருந்த சட்டை அது. தம்மாமில் வேலையிடத்தில் கிழிந்து, அவனே அதில் கிரீஸ் துடைத்துத் தூர எறிந்திருந்தான்.

"ஒன்னத் தவிர வேற யாருக்கும் தெரியல. கண்ணுல பூச்சி பறக்குதா பாரு," என்று அதட்டிவைத்தான்.  ஆனால் அதற்குப் பிறகு அவன் எழுப்பாமலேயே அவள் எழுந்தாள். தலைக்குப் பூ வைத்துக்கொண்டாள். வண்டியின் அருகே போய் முதலில் நிற்பவள் அவள்தான். வழியெல்லாம் மெல்ல எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு வந்தாள். இதற்குத்தானே இவ்வளவு பாடுபட்டோம் என்று அவன் சந்தோஷப்படப் பார்த்தான். முடியவில்லை.

சவுக்குத் தோப்பு வந்தால் பெடல் கனத்தது. தினமும் அதே இடம். பேரிங் பால்ஸ் மாற்றினான், செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டான். கடைசியில் சுப்பராயலு வண்டியைத் தனியாக ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வண்டி பட்டாட்டம் ஓடுது மாப்ள. பின்னாடி ஒக்காந்திருக்கவங்கதான் எதுத்து அமுக்குறாங்க."

அப்போதுதான் ஹக்குக்கு உறைத்தது. பின்னால் வருகிறவன் வந்து சேரட்டும் என்று அவள் வண்டியைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கிறாள். அவன் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டால்? இறங்கிப் போய்விடுவாள். அதில் ஹக்குக்குச் சந்தேகமே இல்லை. பொறாமைப்படுவதற்கு உலகத்தில் வேறு ஆளா கிடைக்கவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டான். இரவு தூக்கம் பிடிக்கவில்லை.

காலையில் சொன்னான்: "இன்னிக்கி நீ முன்னால ஒக்காரு. நான் பின்னாடி."

மெகருன்னிசா அவனை நிமிர்ந்து பார்த்தாள். பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில் போனவள்தான். முன் சீட்டில் ஏறினாள்.

பின்பக்கமாக உட்கார்ந்து போவது ஹக்குக்குப் புதிது. எது வரப்போகிறது என்று தெரியாது, போனது மட்டும்தான் தெரியும். சிப்காட் போனது, திருப்பம் போனது. சாலையில் யாரும் இல்லை. ஹக் மூச்சு விட்டான்.

தோப்பு வந்தது. நீலச் சட்டைக்காரன் வரவில்லை. ஒரு பெண் ஓடி வந்தாள்.

வெறுங்கால். பச்சைச் சேலை. பத்தொன்பது வயசு மெகருன்னிசா. அவன் டாக்ஸியில் ஏறின அன்று தெருமுனை வரை வந்து நின்றவள். சத்தமே இல்லை, ஆனால் உதடு அசைந்தது தெரிந்தது. மச்சான், மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டு வந்தாள். யா அல்லாஹ், இத்தனை வருஷமாகவா ஓடுகிறாள்!  அவனையறியாமல் அவன் கால் பெடலை எதிர்த்து அமுக்கியது.

"நீங்களா அமுக்குறீங்க?" முன்னாலிருந்து மெகருன்னிசா கேட்டாள். அவள் முதுகு அவன் முதுகில் சூடாகவே இருந்தது.

வண்டி நின்றது. ஓடி வந்தவள் பக்கத்தில் வந்து மூச்சிரைக்க நின்றாள். அவன் முகத்தை ஆசையோடு பார்த்தாள். நரைத்த தாடியை, கன்னத்தில் வெல்டிங் தீப்பொறி பட்ட தழும்பை, மறுபடி கண்ணை. தேடியது எதுவும் அங்கே கிடைக்கவில்லை என்பது அவனுக்கே தெரிந்தது. சட்டென்று முக்காட்டை முகம் மறைய இழுத்துவிட்டுக்கொண்டு, அந்நிய ஆம்பளைக்கு ஒதுங்குவதுபோலச் சாலையோரம் ஒதுங்கி நின்றாள்.

அவளுக்குப் பின்னால் நீலச் சட்டை வந்தது. அவனைக் கண்டதும் முக்காடு விலகியது. இருவரும் திரும்பி, வந்த வழியே முதுநகரைப் பார்த்து நடந்தார்கள்.

"யாராச்சும் வந்தாங்களா?" மெகருன்னிசா தலையைத் திருப்பவில்லை.

"வந்தாங்க. ரெண்டு பேரு."

"என்னா கேட்டாங்க?"

"ஒண்ணும் கேக்கல. நம்மள அவுங்களுக்கு அடையாளம் தெரியல. திரும்பிப் போறாங்க."

"சேந்தா போறாங்க?"

"ஆமா."

அவள் முதுகு குலுங்கியது. அவனும் அழுதான். பயத்தில் பாதி, துக்கத்தில் பாதி. செத்துப்போன யாரையோ இரண்டு பேருமாகச் சேர்ந்து வழியனுப்பியதுபோல் இருந்தது. சாலையில் கடைசிப் புள்ளியும் மறையும்வரை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் ஒருதரம்கூடத் திரும்பவில்லை.

அப்புறம் அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தொண்டையைச் செருமினாள். புது ஆளிடம் பேசுகிற கூச்சத்தோடு கேட்டாள்.

"ஹார்பர் பக்கமாப் போனா மீன் வந்திருக்கும். உங்களுக்கு எந்த மீனு புடிக்கும்?"