அண்ணனின் பச்சை

முதியோர் இல்லத்து நிர்வாகிக்கு வாழ்நாளில் முதல்முறையாக ஓர் அதிகாரம் கைக்கு வந்திருந்தது. வாசலில் மேசையைப் போட்டு, ஸ்கேனரும் கையுமாக உட்கார்ந்துவிட்டார். தடுப்பூசி பாஸ் பச்சை காட்டினால் உள்ளே, சிவப்பு காட்டினால் வெளியே. சட்டம் போட்டவர்களாவது நாலு உயிரை நினைத்துப் போட்டிருப்பார்கள். இவருக்கு அந்த நினைப்பெல்லாம் கிடையாது.

உள்ளே படுத்திருந்த பெரியவருக்கு ஒரு மகன், ஒரு மகள். மகளுக்குச் சிவப்பு. முதல் ஊசிக்கே தொண்டை வீங்கி மூச்சு முட்டியதில், இரண்டாவது கூடவே கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தக் கடிதத்தையும் தொற்று இல்லை என்று காலையில் வந்த பரிசோதனை முடிவையும் நீட்டினாள்.

"இதையெல்லாம் ஸ்கேன் பண்ண முடியாதும்மா."

"அப்பா சாப்பிடவே மாட்டேங்கிறாராம் சார். நான் ஊட்டினா சாப்பிடுவாரு."

"ரூல்ஸ்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்."

அண்ணனுக்கோ பச்சை. "என் உடம்பு, என் உரிமை" என்று தெரு அதிர முழங்குகிற வீரன் அவன். ஊசி போட்டுக்கொள்ளாமல், அதற்காக வீட்டில் அடைந்து கிடக்கவும் மனமில்லாமல், யாரையோ பிடித்து பாஸை மட்டும் வாங்கியிருந்தான். இருமிக்கொண்டே போனைக் காட்டினான்.

"சார், அவனுக்கு நேத்துலேர்ந்து ஜுரம். பாஸும் பொய்," என்றாள் தங்கை.

"மிஷின் பொய் சொல்லுமா? கூடப் பொறந்தவன் மேல பொறாமைப்படாதீங்கம்மா."

வீரன் உள்ளே போய் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து நன்றாக இருமிவிட்டு வந்தான்.

அடுத்த வாரம் இல்லம் முழுக்கக் காய்ச்சல். அப்பாவுக்கு மூச்சுத் திணறுகிறது, வீட்டிலிருந்து ஒருவர் வரலாம், பாஸ் பச்சையாக இருக்க வேண்டும் என்று தகவல் வந்தது. வீரன் வெளிறிப்போனான்.

"உள்ள பூரா நோயாமே! நான் புள்ளகுட்டிக்காரன். இந்தா, என் போனை எடுத்துட்டு நீ போ."

அவன் முகத்தில் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது அவளுக்கு. துப்பாமல் போனை வாங்கிக்கொண்டாள்.

நிர்வாகி இப்போது கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், முகமூடிக்கு மேல் முகமூடி போட்டுப் பத்திரமாக இருந்தார். திரையில் அண்ணன் பெயர், பச்சை. தலையை நிமிர்த்தாமலே சொன்னார்:

"போங்க சார்."

காதில் தோடும் கையில் வளையலுமாக அந்தச் சார் உள்ளே போனார்.

அப்பா கண்ணைத் திறந்தார். அவளும் கண் மட்டும் தெரிய முகத்தை மூடியிருந்தாள். இருந்தும் அவர் ஒருவர்தான் அவள் முகத்தைப் பார்த்தார்.

"வந்துட்டியாம்மா," என்றார். "அண்ணன் வந்தப்பவே உன்னையும் தேடுனேன்."