அது மழைத்தண்ணீர்தான்

அந்தமானில் சௌல்தாரியைத் தாண்டிப் பள்ளத்தில் கிடக்கும் தன் கத்தரித் தோட்டத்துக்குள் கடல் புகுந்துவிட்டது என்று உலகத்துக்குச் சொல்ல இந்திராணி நினைக்கவே இல்லை. கரைகளைப் பார்த்துக்கொள்ளும் இளநிலைப் பொறியாளர் ஒருவர் காதில் விழுந்தால் போதும் என்றுதான் நினைத்தாள். ஜே.இ. சாப் என்று எல்லோரும் கூப்பிடும் அந்த மனிதர் போனை எடுப்பதில்லை. ஆனால் மெயின்லேண்டுக்குக் கப்பல் டிக்கெட் எப்போது திறக்கும் என்று பார்க்க, தீவுத் தமிழர் அத்தனை பேரும் ஒரு முகநூல் குழுவிலேயே கிடப்பார்கள். ஜே.இ.யின் மனைவியும் அதில் உண்டு. அதனால் கப்பல் அட்டவணைக்கும், வேண்டாத டிக்கெட்டைத் தள்ளிவிட ஆள் தேடும் ஒருவரின் பதிவுக்கும் நடுவில் தன் படத்தைப் போட்டாள்.

படத்தில் கத்தரிச் செடிகள் பாதி முங்கி நின்றன. பின்னால், கடலோடு சேரும் நாலா ஓடையின் கரையில், மதகுப் பலகை உளுத்து உடைந்து தெரிந்தது. கடல் ஏறும்போது தண்ணீரை உள்ளே விடாமல் மறிக்கிற பலகை அது. பௌர்ணமிக்கு இவ்வளவு வந்தது, அமாவாசைக்குள் பலகையை மாற்றித் தாருங்கள் சாப் என்று கீழே எழுதினாள். உப்பு இன்னொரு தடவை ஏறினால் அந்த மண் கழுவித் தெளிய எத்தனை மழைக்காலம் ஆகுமென்று அவளுக்குத் தெரியாது. வீட்டில் வேறு வருமானம் இல்லை என்று மட்டும் தெரியும்.

கோயம்புத்தூரில் பள்ளி ஆசிரியராக இருக்கும் அருண்பிரசாத் என்பவர் அந்தப் படத்தை எடுத்துத் தன் பக்கத்தில் போட்டார். சுனாமி வந்த பெரிய நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானின் நிலம் கீழே இறங்கியதை விளக்கி, இத்தனை வருடம் கழித்தும் கரையைக் கவனிக்காத அரசைத் திட்டியிருந்தார். அவ்வளவுதான், சண்டை பிடித்துக்கொண்டது. 'உண்மை விளம்பி' என்ற பெயரில் ஒருவன், கடல் ஏறுகிறது என்பதே வெளிநாட்டுக் காசு வாங்கியவர்கள் கிளப்பும் கதை, படம் வங்காளதேசத்தில் எடுத்தது என்றான். இன்னொருவன் நிலம் இறங்கவே இல்லை, பூமி சூடாவதை மறைக்கிறார்கள் என்று இரண்டு பேரையும் ஏசினான். தண்ணீரைப் பரிசோதித்த அறிக்கை எங்கே என்று கேட்டான் மற்றொருவன். யார் எந்தக் கட்சிக்கு வாக்குப் போட்டார்கள், யாருடைய தாய் எப்படிப்பட்டவள் என்பது வரை போனது.

இந்திராணி ஒவ்வொருவருக்கும் பொறுமையாக, பலகை மாற்றினால் போதும் என்று பதில் எழுதினாள். இந்த அம்மாவுக்குப் பலகையைத் தவிர ஒன்றும் தெரியாதா என்று ஒருவன் கேட்டதற்கு முந்நூறு பேர் சிரித்திருந்தார்கள்.

"இத்தனை பேரு கத்துறானே, ஒருத்தனாவது மண்வெட்டிய எடுத்துட்டு வந்தானா?" என்றான் அவள் புருஷன் அழகையா. இடுப்பு அடிபட்டதிலிருந்து படகுத்துறை வேலைக்குப் போகாமல் வீட்டில் இருப்பவன்.

வந்தவர் பஞ்சாயத்து உறுப்பினர் ராக்கப்பன்தான். ஸ்கூட்டரை விட்டு இறங்காமலே பேசினார். அரசுக்குக் கெட்ட பெயர் என்று கட்சியில் மேலிருந்து போன் போட்டு அவரைக் கிழித்திருக்கிறார்கள்.

"கர்ஜன் மரத்துல புதுப் பலகை அறுத்து என் வீட்டு வாசல்ல போட்டிருக்கேன், தங்கச்சி. இன்னைக்கே மாட்டிரலாம். அது மழைத்தண்ணின்னு மட்டும் எழுதிரு."

"உப்புக் கரிக்குதேண்ணே."

"உன் நாக்குக்குக் கரிக்கட்டும். எழுதுறப்ப மழைன்னு எழுது. மத்ததெல்லாம் தேக் லேங்கே, பாத்துக்கலாம்."

அழகையா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் எழுதினாள். தவறாகப் புரிந்து பதிவிட்டுவிட்டேன், அது மழைத்தண்ணீர்தான், மன்னிக்கவும். ராக்கப்பன் போனை வாங்கி வாசித்துப் பார்த்துவிட்டே வண்டியைக் கிளப்பினார். சொன்ன வாக்குத் தவறவில்லை. சாயங்காலத்துக்குள் ஆட்கள் வந்து பலகையை மாட்டிவிட்டுப் போனார்கள். இந்திராணி அன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

உண்மை விளம்பி அவள் எழுதியதைப் படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்பினான். இவரிடம் படிக்கிற பிள்ளைகள் உருப்படுமா என்று அருண்பிரசாத்தின் பள்ளிக்கூடப் பெயரைத் தேடிப் பிடித்துப் போட்டார்கள். அவர் அவளுக்குத் தனியாக எழுதினார்: "அக்கா, உங்களை யாராவது மிரட்டினார்களா? சொல்லுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்." ஆமாம் தம்பி என்று தட்டிவிட்டு, மாட்டின பலகையைக் கழற்றவும் ராக்கப்பனால் முடியும் என்று நினைத்து, அனுப்பாமலே அழித்தாள்.

அமாவாசைக் காலையில் கடல் ஏறியது. புதுப் பலகை இம்மியும் அசையவில்லை. நண்டு வளை தோண்டி உள்ளே பொத்தலாகிக் கிடந்த கரைதான், பலகைக்குப் பக்கத்திலேயே, சத்தமில்லாமல் சரிந்தது. பலகையைச் சுற்றிக்கொண்டு தண்ணீர் உள்ளே வந்தது. இந்திராணி மண்ணை அள்ளி அள்ளிப் போட்டாள். போட்டதெல்லாம் கரைந்து தோட்டத்துக்குள்ளேயே ஓடியது.

அன்றைக்குத்தான் ஜே.இ. போனை எடுத்தார். கரை முழுவதையும் பார்க்கப் போன வாரமே ஜீப் சொல்லி வைத்திருந்தாராம், அவர் மனைவி படத்தைக் காட்டியதால்.

"மழைத்தண்ணின்னு நீங்களே எழுதினீங்க. அப்புறம் நான் எதுக்கும்மா வரணும்? உங்க பேர்ல ரிப்போர்ட்டும் அப்படியே மேல போயாச்சு" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

இடுப்பளவு தண்ணீரில் நின்று இன்னொரு படம் எடுத்து, இது கடல்தான், முன்பு எழுதியது பொய் என்று அதே குழுவில் போட்டாள். பொய்க்காரி என்றான் உண்மை விளம்பி. எவ்வளவு வாங்கிக்கொண்டு மாற்றி எழுதினாய் என்றார்கள் அருண்பிரசாத்துக்காகச் சண்டை போட்டவர்கள். ஒருவன் எழுதியதற்கு எதிர்ப் பக்கத்துக்காரன் லைக் போட்டான். அத்தனை நாளில் முதல் முறையாக இரண்டு பக்கமும் ஒரே பேச்சில் நின்றது. அருண்பிரசாத் அவளைத் தன் பக்கத்துக்குள் வரமுடியாதபடி தடுத்திருந்தார்.

தண்ணீர் வடியும் வரை காத்திருந்தால் காய் சுருங்கிவிடும் என்று அழகையா சாக்கோடு இறங்கினான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரிசையின் அந்தக் கோடிக்குப் போனான். இந்திராணி இந்தக் கோடியில் ஆரம்பித்தாள்.

"பிஞ்சயும் விடாத" என்றான்.

பறித்தாள்.