பார்க்காமல் சொன்ன படம்

நஸீஹா மூக்குக் கண்ணாடியைத் தன் சட்டை நுனியால் துடைத்து, கணவரின் மூடிய கண்களுக்கு மேல் மாட்டிவிட்டாள். ஒரு பக்கக் கம்பி காதில் சரியாக உட்காரவில்லை. தலையணையிலிருந்து அவர் தலையை லேசாகத் தூக்கி, நரைமுடியை விலக்கி, மறுபடி மாட்டினாள். காலையிலிருந்து அந்தக் கண்கள் திறக்கவே இல்லை. ஆனாலும் கண்ணாடி இல்லாமல் தன்னால் படம் பார்க்க முடியாது என்று ஷாத்லி சொல்லிவிட்டார்.

"இப்ப சரியா இருக்கா?"

"ம். போடு. நேத்து விட்ட இடத்துலேர்ந்து."

ஜன்னலின் மரக்கதவுகளைச் சாத்தியாகிவிட்டது. வெளியே ஸ்ஃபாக்ஸ் நகரம் வெயிலில் வெந்துகொண்டிருந்தது. சமையலறையிலிருந்து சின்ன மேஜையைத் தூக்கி வந்து கால்மாட்டில் போட்டு, அதன் மேல் மடிக்கணினியை வைத்திருந்தாள். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு திரையைப் பார்க்க வேண்டுமானால், அவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். அவள் அப்படி உட்காரவில்லை. திரைக்கு முதுகைக் காட்டி, அவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

காலையில் வந்த டாக்டர் அதிகம் பேசவில்லை. மகள் எப்போது வருகிறாள் என்று மட்டும் கேட்டார். ஜெர்மனியிலிருந்து நாளை சாயங்காலம் வந்துவிடுவாள் என்று நஸீஹா சொன்னதும், அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய் வெகுநேரம் கை கழுவினார். அந்தத் தண்ணீர்ச் சத்தம் கேட்டதிலிருந்து நஸீஹா கணவரின் மார்பு மேல் கிடந்த போர்வையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அது ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதே அவள் வேலையாகிவிட்டது. பார்த்துக்கொண்டே இருக்கும்வரை அது நிற்காது என்று அவளுக்கு ஒரு எண்ணம். பைத்தியக்கார எண்ணம்தான். தெரிந்தும் அதை விட முடியவில்லை.

ஷாத்லி மின்சார அலுவலகத்தில் கணக்கு எழுதி ஓய்வுபெற்றவர். அதற்கு நடுவே சனிக்கிழமைப் பத்திரிகையில் சினிமா விமர்சனமும் எழுதி வந்தார். ஊரில் அவரை யாரும் பெரிய எழுத்தாளராக நினைத்ததில்லை. காய்கறிக் கடைக்காரர் மட்டும், பெயருக்கு முன் மரியாதைக்கு 'ஸி' சேர்த்து, "ஸி ஷாத்லி, இந்த வாரம் படத்துக்குப் போகலாமா, தூங்கலாமா?" என்று கேட்பார். ஒரே ஒரு விஷயத்தில் அவர் பிடிவாதக்காரர். முழுதாகப் பார்க்காத படத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுத மாட்டார். அதிலும் கையில் காசில்லாதவர்கள் எடுத்த படமென்றால் கேட்கவே வேண்டாம்.

இந்தப் படம் அப்படிப்பட்டதுதான். காபெஸ் ஊரிலிருந்து ஒரு பெண், தன் அத்தை வீட்டில், நண்பர்களை வைத்தே எடுத்த பேய்ப்படம். எந்தத் தியேட்டரும் எடுத்துக்கொள்ளவில்லை, நீங்களாவது பார்த்து எழுதுங்கள் என்று அனுப்பியிருந்தாள். புதிதாகக் கல்யாணமான ஒருத்தி, இறந்துபோன மாமனாரின் வீட்டுக்குக் குடிவருகிறாள். கணவன் கப்பல் வேலைக்குப் போய்விடுகிறான். முற்றத்துக்கு அடியில் மழைத்தண்ணீர் சேரும் பழைய தொட்டி. அதன் இரும்பு மூடி நகரும் சத்தம் அவளுக்கு மட்டும் கேட்கிறது. சத்தம் வீட்டிலா, அவள் மனதிலா என்பதுதான் கதை. நேற்று நாலு தலையணைகளில் சாய்ந்து ஷாத்லி பாதிப் படத்தைத் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டார். மீதிக்குத்தான் இப்போது நஸீஹாவின் கண்.

அவளோ பேய்ப்படம் பார்க்கிறவளே இல்லை. கல்யாணமான புதிதில் ஒருமுறை அவர் அழைத்துப் போனார். படம் முழுக்க அவர் கோட்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் படத்தைப் பற்றி நஸீஹாவைக் கேட்காதீர்கள், என் கோட்டின் உள்துணியைப் பற்றிக் கேளுங்கள், தையல் தையலாகச் சொல்லுவாள் என்று வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

படம் ஓட ஆரம்பித்தது. அவள் முதுகுக்குப் பின்னால் எங்கோ சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. ஒற்றைக் கம்பியை யாரோ இழுத்து இழுத்து மீட்டினார்கள்.

"என்ன பண்றா?"

"பாத்திரம் கழுவறா," என்றாள் நஸீஹா, போர்வையைப் பார்த்தபடி.

கொஞ்ச நேரம் கழித்து அவர் மறுபடி கேட்டார். இன்னும் கழுவுகிறாள் என்றாள்.

"ஒருத்தி இருக்கற வீட்டுல அவ்வளவு பாத்திரம் ஏது?" மூச்சு வாங்க ஒரு இடைவெளி. "சரி, எழுதிக்கோ. 'முதல் பாதியில் கேமரா நடுங்குகிறது. கையில் காசில்லாததால் அல்ல, பிடித்தவன் பயந்ததால்.' எழுதிட்டியா?"

அவள் கைபேசியில் ஒரு விரலால் தட்டினாள். தட்டும்போதும் பாதிக் கண் போர்வையில்தான் இருந்தது. அது ஏறியது. நின்றது. அவள் விரல் அப்படியே அந்தரத்தில் நின்றது. பிறகு இறங்கியது.

பின்னால் ஒரு கதவு முனகியது. என்ன என்று கேட்டார். நஸீஹா வாய்க்கு வந்ததைச் சொன்னாள். அந்தப் பெண் தாழ்வாரத்தில் செருப்பில்லாமல் நடக்கிறாள், ஒவ்வொரு அறைக் கதவாகத் திறந்து பார்க்கிறாள், உள்ளே படுத்திருப்பவருக்கு மூச்சு வருகிறதா என்று வாசலில் நின்று கேட்கிறாள் என்றாள்.

"உள்ள யாரு படுத்திருக்கா? புருஷன்தான் கப்பலுக்குப் போயிட்டானே."

"வந்துட்டான். லீவுல."

"எப்ப?"

"இப்பதான். நீங்க இருமினீங்களே, அப்ப."

ஷாத்லியின் உதட்டோரம் அசைந்தது. சிரிக்க முயன்று அது இருமலாகிவிட்டது. அவள் பஞ்சை நனைத்து அவர் உதட்டைத் துடைத்தாள். இருமல் அடங்க வெகுநேரம் பிடித்தது.

"நல்ல காட்சி," என்றார் கடைசியில். "ஆனா அது உன் படம். அந்தப் பொண்ணு எடுத்தத சொல்லு." பிறகு, குரல் இன்னும் இறங்கி, "என்னையே பாத்துட்டிருக்காதே நஸீஹா. என்னைப் பத்தி யாரும் விமர்சனம் கேக்கல," என்றார்.

மெல்லத் திரும்பினாள். திரும்பிய அதே நொடியில் திரையில் ஈரத் தலைமுடி ஒன்று முகத்தை மூடிக்கொண்டு நேராக அவளை நோக்கி வந்தது, யாரோ அலறினார்கள். அலறியது படத்திலா, தானா என்றுகூட நஸீஹாவுக்குத் தெரியவில்லை. சட்டென்று போர்வையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். போர்வை ஏறி இறங்கியது.

அறைக்கதவு திறந்தது. ஷாத்லியின் அக்கா வஸீலா, கையில் ஜபமாலையோடு நின்றாள். காலையிலிருந்து முன்னறையில் யாஸீன் அத்தியாயம் ஓதிக்கொண்டிருந்தவள். மடிக்கணினியில் ஏதோ வேதம் ஓதும் கிராத் ஓடுகிறது என்றுதான் அதுவரை நினைத்திருக்கிறாள். திரையைப் பார்த்தாள். நேராக வந்து மடிக்கணினியை மூடினாள். அறை இருட்டாகிவிட்டது.

கோபித்துக்கொள்வாள் என்று நஸீஹா எதிர்பார்த்தாள். வஸீலா கோபிக்கவில்லை. தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்து, நெற்றியில் கை வைத்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல் கலிமாவைச் சொன்னாள். தாயில்லாத வீட்டில் அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். ஷாத்லி திக்காமல், தெளிவாகத் திருப்பிச் சொன்னார். இனி நீ ஒன்றும் பேச வேண்டாம், இதுவே உன் வாயில் கடைசியாக நிற்கட்டும் என்றாள் வஸீலா. ஜபமாலையின் மணிகள் நகரும் சத்தம் மட்டும் கேட்டது.

"அக்கா," என்றார் ஷாத்லி. "நீ மூடினப்ப எந்த இடத்துல நின்னுச்சு?"

வஸீலா கண்ணை இறுக மூடித் திறந்தாள். கலிமாவை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். இந்த முறை அவருக்கு நேரம் பிடித்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் அவர் எங்கோ போய்த் திரும்பி வந்தார். சொல்லி முடித்தபோது நெற்றி வியர்த்திருந்தது.

வஸீலா நஸீஹாவின் மணிக்கட்டைப் பிடித்துத் தாழ்வாரத்துக்கு இழுத்து வந்தாள்.

"இனி அவன்கிட்ட ஒண்ணும் கேக்காதே. நீ கேட்டா அவன் பதில் சொல்லுவான். எந்த நிலைமையிலயும் சொல்லுவான், அவன பத்தி எனக்குத் தெரியும். அவன் பேச்சு அங்கயே நிக்கட்டும்மா. பேயப் பத்திப் பேசிக்கிட்டே போயிட்டான்னா நான் எங்கம்மாவுக்கு என்ன பதில் சொல்லுவேன்?"

நஸீஹா தலையாட்டினாள். மூச்சு மாறினால் உடனே கூப்பிடு என்றாள் வஸீலா. பள்ளிவாசலிலிருந்து பிற்பகல் தொழுகைக்கான அஸர் பாங்கு கேட்டது. அவள் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்யப் போனாள்.

நஸீஹா அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். அதுவரை அவளிடம் ஒரு பயம்தான் இருந்தது. இப்போது இரண்டு: மூச்சு நின்றுவிடுமோ, பேச்சு வந்துவிடுமோ. ஷாத்லியின் முகம் கால்மாட்டின் பக்கம், மூடிய மடிக்கணினியின் பக்கம் திரும்பியிருந்தது. கண்ணாடி சரிந்திருந்தது. புருவம் மட்டும் மேலே ஏறி நின்றது. யாராவது பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டால் அவர் புருவம் அப்படித்தான் நிற்கும்.

'எப்படி இருக்கு' என்று கேட்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டாள். 'தண்ணி வேணுமா' என்பதும் கேள்விதான். 'வலிக்குதா' என்பதும். இத்தனை வருஷமாக இந்த மனிதரிடம் கேள்வியாகவேதான் பேசி வந்திருக்கிறோம் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் கண்ணாடியை நேராக்கினாள்.

"நான் சொல்றேன்," என்றாள். "நீங்க ஒண்ணும் பேச வேணாம். கேட்டாப் போதும். இந்தத் தடவ பாத்துதான் சொல்லுவேன்."

மடிக்கணினியைத் திறந்தாள். சத்தத்தைக் குறைத்தாள். பிறகு, குளிர்ந்த தண்ணீரில் காலை வைப்பதுபோல், கொஞ்சம் கொஞ்சமாக உடம்பைத் திருப்பி, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"முற்றம். நல்ல இருட்டு. அவ கையில டார்ச் வச்சிருக்கா. நைட்டி போட்டிருக்கா, மேல புருஷனோட ஸ்வெட்டர். தொட்டி மூடி நகர்ந்திருக்கு. ஒரு கை போற அளவுக்கு." கொஞ்சம் குனிந்து பார்த்தாள். "சுவத்துல மைக்கோட நிழல் தெரியுது. இத எழுத வேணாம், பாவம்."

மூடியை அந்தப் பெண் இரண்டு கையாலும் தள்ளினாள். இரும்பு கல்லில் உரசியது. நஸீஹா படுக்கை விரிப்பைப் பிடித்துக்கொண்டாள். ஈரத் தலைமுடிக்காரி எந்த மூலையிலிருந்து வருவாளோ என்று உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை.

"உள்ள இறங்கறா. ஏணி இல்ல, கயிறுதான். தண்ணி முழங்கால் வரைக்கும் இருக்கு. டார்ச் மினுக் மினுக்குங்குது. இப்ப அணைஞ்சிடுச்சு. ஒண்ணும் தெரியல. 'யாரு'ங்கறா. பதில் இல்ல. காத்துக்கிட்டு நிக்கறா."

திரை முழுக்க இருட்டு. படத்தில் சத்தமே இல்லை. அப்போதுதான் முதுகுக்குப் பின்னால் அந்த மூச்சு கேட்டது. வந்தது. வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு, கனமான எதையோ தரையில் இழுப்பதுபோல் மறுபடி வந்தது. இதுவரை அவள் கேட்டிராத சத்தம்.

சுவருக்கு அந்தப் பக்கம் வஸீலா தொழுகையில் நின்றிருந்தாள். அல்லாஹு அக்பர் என்ற மெல்லிய குரல் வந்தது. கூப்பிட வேண்டும். நஸீஹா வாயைத் திறந்தாள்.

"அவ இன்னும் கீழதான் நிக்கறா," என்றாள்.

அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோபோல் இருந்தது.

"பயந்து நிக்கறா. ஆனா ஓடல. கைய நீட்டிச் சுவத்தத் தொடறா. இங்க ஒண்ணுமில்லங்கறா. தனக்குத்தானே சொல்லிக்கறா. திருப்பித் திருப்பிச் சொல்றா."

பின்னால் இருந்து ஒன்றும் கேட்கவில்லை. திரும்பினால் தெரிந்துவிடும். கேட்டால் தெரிந்துவிடும். அவள் இரண்டையும் செய்யவில்லை. கொஞ்சம் உரக்கச் சொன்னாள்.

"மேல ஏறி வந்துட்டா. விடிஞ்சுபோச்சு. மூடியத் தள்ளி மூடறா. அது மேலயே ஏறி உக்காந்துட்டா. ஸ்வெட்டர் நனைஞ்சு சொட்டுது. தெருவுல யாரோ ரொட்டி விக்கறாங்க. அவ எழுந்துக்கல. அவ்வளவுதான்... ஆமா, அவ்வளவுதான். முடிஞ்சது. கடைசில பேய் வரவே இல்ல."

கறுப்புத் திரையின் அடியிலிருந்து வெள்ளை எழுத்துகள் மேலே ஏறத் தொடங்கின. நஸீஹா அவற்றையும் வாசித்தாள்.

"எழுத்து, இயக்கம், உல்ஃபா கர்மாஸி. கேமரா, ஸுஹைர் ஜெலாஸி. விளக்கு, ஸுஹைர் ஜெலாஸி. வண்டி ஓட்டியதும் ஸுஹைர்தான். ஒலி, ஹம்மாதி. பேயாக நடித்தவர், அத்தை மப்ரூக்கா. சமையல், அத்தை மப்ரூக்கா."

பக்கத்து அறையில் தொழுகை முடிந்துவிட்டது. தாழ்வாரத்தில் காலடி கேட்டது. கதவு திறந்தது. உள்ளே யாரும் வரவில்லை. வாசலில் தொழுகைத் துணியின் வெள்ளை ஓரம் மட்டும் அவள் கண்ணின் கடைக்கோடியில் தெரிந்தது.

"நன்றி," என்று வாசித்தாள் நஸீஹா. "படப்பிடிப்பு நடந்த நாட்களில் நாயைக் கட்டிப்போட்ட பக்கத்து வீட்டு ஸி அம்மாருக்கு. மழை பெய்யாமல் இருந்ததற்கு..."

பெயர்கள் தீரப்போகின்றன. அவற்றுக்குக் கீழே வெறும் கறுப்பு. எழுத்து இல்லாமல் போனால் அந்தக் கறுப்பில் கண்ணாடியில்போல் இந்த அறையும் கட்டிலும் தெரியும்.

அவள் கையை நீட்டி, விரலால் படத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளினாள். வெள்ளை எழுத்துகள் மறுபடி அடியிலிருந்து ஏறி வந்தன.

"எழுத்து, இயக்கம்," என்று ஆரம்பித்தாள், முன்பைவிட நிதானமாக, "உல்ஃபா கர்மாஸி."