நாலு எலுமிச்சம்பழம்

ஆயுத பூஜையன்று, கார் டயருக்கு அடியில் வைத்து நசுக்க நாலு எலுமிச்சம்பழத்தோடு சுரேந்திரன் கீழே இறங்கினான். திலக் நகர் பில்டிங்கின் மூலையில், உறை போர்த்தி நின்றது அவனுடைய முப்பது லட்ச ரூபாய் கார். ஆபீஸ் வேலை வீட்டுக்கே வந்து மூணு வருஷமாச்சு. வெளியே போவதென்றால் ஆட்டோதான். "வித்துத் தொலைங்களேன்" என்று மனைவி கலைச்செல்வி சொல்லும்போதெல்லாம், "கார் இல்லாட்டி எவன் மதிப்பான்?" என்பான்.

உறையை இழுத்துக் கதவைத் திறந்ததும் குப்பென்று நாற்றம் அடித்தது. சீட்டைக் குதறி எலி குட்டி போட்டிருந்தது. தோல் உரித்த மாதிரி ஆறேழு நெளிந்தன. பூஜையையாவது முடிப்போம் என்று மூக்கைப் பொத்தியபடி டயரருகே குனிந்தான். போன வருஷம் நசுக்கிய பழம், கருத்துக் காய்ந்து, டயரோடு ஒட்டி அப்படியே கிடந்தது. அதை நசுக்க உருண்ட ஓரடிதான் வருஷம் பூரா அந்தக் கார் ஓடிய ஓட்டம்.

"தூ!" என்று துப்பினான். எலியைப் பார்த்து இல்லை.

மேலே போய்ப் பழங்களைக் கலைச்செல்வி கையில் கொடுத்தான்.

"ஜூஸ் போடு. காரை வித்துரலாம்."

அவள் கத்தியை எடுத்தாள்.

"உப்பா, சர்க்கரையா?" என்றாள்.