நேத்து மாதிரிதான்

அக்கா அப்பாவின் வலது காலுறையைக் கழற்றினாள். பாதத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

“பச்சையா இருக்கேடா.”

அவன் தண்ணீர் வாளியைக் கீழே வைத்தான்.

“எப்ப மாறிச்சு?”

“நேத்து நல்லாத்தான் இருந்துச்சு.”

“ஒரே நாள்ல இவ்வளவு மாறுமா?”

அவனும் குனிந்தான். உள்ளங்காலில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி நேற்றைய நிறத்திலேயே இருந்தது. முந்தாநாளும் அதே நிறம்தான்.

அது புது மாதிரி பிளாஸ்திரி. திங்கட்கிழமைகளில் வீட்டுக்கு வந்து கட்டு மாற்றும் நர்ஸ் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். பிரிக்க வேண்டாம், தினமும் மேலாகப் பார்த்தால் போதும். இளஞ்சிவப்பாக இருந்தால் புண் ஆறுகிறது. பச்சையானால் உள்ளே சீழ். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும். “கண்ணு இருந்தா போதும்,” என்றாள்.

அவனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று. பஸ் டிரைவர். மேல் விளக்கு எரிந்தால் நிற்பான், கீழ் விளக்கு எரிந்தால் எடுப்பான். பதினாறு வருடத்தில் வண்டியில் ஒரு கீறல் இல்லை. வேலைக்கான கண் பரிசோதனையில் காட்டும் புள்ளிப் புத்தகத்தை எங்கிருந்தோ வாங்கிவந்து, எந்தப் பக்கத்தில் எந்த எண் என்று மனப்பாடம் செய்யவைத்தவர் அப்பா. வேறு யாருக்கும் தெரியாது. அக்காவுக்கும்.

சர்க்கரையில் மரத்துப்போன கால். தச்சுப் பட்டறையில் திருகாணி ஏறியதே அப்பாவுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. குனிந்து பார்க்க வயிறு விடாது. தினமும் காலையில் காலை நீட்டுவார்.

“எப்படிடா இருக்கு?”

“நேத்து மாதிரிதான்பா.”

“அப்ப சரி.”

படம் எடுத்து அனுப்பச் சொல்லி அக்கா தன் ஊரிலிருந்து இரண்டு முறை போன் செய்தாள். “என் கால் என்ன கல்யாணப் பொண்ணா, போட்டோ அனுப்ப?” என்று அப்பா மறுத்துவிட்டார்.

முந்தாநாள் காய்ச்சல் வந்தது. அவன் பிளாஸ்திரியைப் பார்த்தான். மாத்திரை கொடுத்தான். இன்று காலை டாக்டர் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ரத்தத்தில் நஞ்சு கலந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்துப் போனார்.

அக்கா பிளாஸ்திரியை உரித்தாள். அறையில் வாடை பரவியது. அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

“அந்த நர்ஸைச் சும்மா விடமாட்டேன்.”

“அவங்க நல்லவங்கக்கா.”

“நல்லவங்க கிழிச்சாங்க. திங்கக்கிழமை வந்தவ என்னத்தப் பார்த்தா? நாளைக்கே ஆஸ்பத்திரியில எழுதிக் குடுக்குறேன். சீட்டு கிழியட்டும்.”

“அக்கா.”

“என்ன?”

“தண்ணி ஆறிப்போச்சு. சுட வச்சு எடுத்துட்டு வரேன்.”

அவன் சமையலறையில் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு நின்றான். தண்ணீர் கொதித்தது. கொதித்த பிறகும் நின்றான்.

இருவரும் சேர்ந்து உடம்பைத் துடைத்தார்கள். அக்கா காதுமடலுக்குப் பின்னால் இருந்த மரத்தூளைக்கூட விரல் நுனியால் எடுத்தாள்.

“போன வருஷம் ரெண்டு கட்டம் போட்ட சட்டை வாங்கிக் குடுத்தேன்ல. அதுல பச்சைய எடுத்துட்டு வா. சிவப்பு வேண்டாம்.”

பீரோவில் இரண்டும் மடிப்புக் கலையாமல் இருந்தன. ஒரே கடை, ஒரே அளவு. ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான்.

“சட்டை எடுக்கப் போனியா, தைக்கப் போனியா?”

ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான்.

அக்கா அதைப் பிரித்தாள். சட்டையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். சட்டையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“இது என்ன கலர்டா?”

தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள். மூன்றாவது முறை கிளம்பியது.

“தெரியலக்கா.”

அவள் அப்பாவின் வலது பாதத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

“அப்பாவுக்கு?”

“தெரியும்.”

அக்கா சட்டையை உதறினாள்.

“கையைத் தூக்கிப் பிடி. விறைச்சுப்போச்சு.”

அவன் பிடித்தான். அவள் ஒரு கையை நுழைத்து, முதுகுக்கு அடியில் இழுத்து, மறு கையை நுழைத்தாள். மேலிருந்து பொத்தான்களைப் போட்டுக்கொண்டு வந்தாள். கடைசியில் துளை ஒன்று மிஞ்சியது. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கீழிருந்து மறுபடி போடத் தொடங்கினாள்.